துலுக்காத கிடா

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிடிக்கத்தான் ஆளில்லை.

கரட்டடிப்பட்டிக்குள் வண்டி நுழைந்ததும் சண்முகசுந்தரியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்ணுக்கு இதைவிட அதிசயம் வேறு வேண்டாம். ஐந்து நாளைக்கு ஒருமுறை விரல் தண்டிக்கு வருகிற தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, முன்னே பின்னே நகர்ந்ததற்கெல்லாம் ஏழு தலைமுறையை இழுத்து ஏசிக்கொள்கிற ஊர்கள் அவை. இங்கே என்னடாவென்றால் தண்ணீர் பாட்டுக்கு விழுந்து, தொட்டி நிரம்பி, தெருவில் ஓடிச் சேறாகிக் கிடந்தது. சுற்றிலும் இருபது குடங்களாவது இருக்கும். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஊரில் ஆள் இல்லாமலும் இல்லை. வாசல்களில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தலையில் துண்டு, பெண்கள் தலையில் சேலை. மடியில் கிடந்த கைப்பிள்ளைக்குக்கூட ஒரு பழைய துணியைத் தலையோடு சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"என்ன பெரியத்தான், ஊரே முக்காடு போட்டுக்கிட்டு இருக்கு?" என்றாள்.

"நம்ம கிடாவப் பாத்து வெக்கப்படுதாளுவோ போல," என்றான் சுடலைராஜ், ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்துக்கொண்டே. அவன் அவள் புருஷன் இசக்கிராஜாவுக்கு அண்ணன். இந்தக் குட்டியானை வண்டியும் அவனுடையதுதான். மீசையும் குரலும் ஊருக்குப் பெரியவை. மனசு அதைவிடப் பெரிது. தம்பி மகள் தர்ஷினி என்றால் அவனுக்கு உயிர். குடும்பத்தில் எந்தக் கோயில் கொடை நடந்தாலும் அருவாளைப் பிடிக்கிறவன் அவன். வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் கழுத்தைத் தடவி, "பாவம், வாயில்லா ஜீவன்" என்பான். அதே மூச்சில், "ஈரல மட்டும் எனக்குத் தனியா எடுத்து வச்சிருங்க" என்பான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

வண்டியின் பின்தட்டில் நின்ற கருங்கிடா சங்கரன்கோவிலில் ஏற்றியதிலிருந்து ஒரு சத்தம்கூடப் போடவில்லை. ஆடித்தபசு முடிந்த மறு வெள்ளி. காற்று அம்மியைப் புரட்டுகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது. கிடாவின் மயிர் மட்டும் காற்றில் அலைந்ததே ஒழிய, அது காதைக்கூட ஆட்டவில்லை.

இந்தக் கிடா தர்ஷினிக்காக நேர்ந்துகொண்டது. போன கார்த்திகையில் ஆறு வயதுப் பிள்ளை டெங்குக் காய்ச்சலில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டன என்று சொன்னபோது, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று யாரும் சுந்தரிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவள். அன்றைக்கு இசக்கிராஜா ஆஸ்பத்திரி வராந்தாவில், கரட்டடிப்பட்டிக்கு மேலே இடிந்த கோட்டையோடு நிற்கும் கோட்டைக்கரட்டுக் குன்றின் திசையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, அங்கே இருக்கிற வாசல்மாடன் சாமிக்குக் கிடா நேர்ந்தான். மறுநாள் எண்ணிக்கை ஏறியது. அவன் மாடன் என்றான். அவள் குளுக்கோஸ் என்று நினைத்தாள். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், அது போதும்.

ஆனால் இன்றைக்குக் காலையிலிருந்து மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் உடம்பு லேசாகச் சுட்டது. சுந்தரி யாரிடமும் சொல்லவில்லை. அரை மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை புறங்கையை நெற்றியில் வைத்து வைத்துப் பார்த்தாள். 

பூசாரி பெத்துராஜ் தலைப்பாகையோடு வண்டியடிக்கு வந்தார். ஒல்லி உடம்பு, அறுபது வயது. வந்தவர் கிடாவைப் பார்த்தார், பிறகு வெயிலைப் பார்த்தார். "உச்சிக்கு முன்ன மேல போயிரணும், வாங்க" என்று திரும்பி நடந்தார். கடைசி வீட்டு வாசலில் நின்ற ஒருத்தி சுந்தரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏ தாயி, பிள்ளை தலைக்கு ஒரு துணியக் கட்டு. தலையில தண்ணி பட்ரக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

அந்தப் பெண் தன் முந்தானையை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். சுந்தரி ஒரு துண்டை எடுத்துப் பிள்ளையின் தலையில் கட்டினாள்.

பூசாரியிடம்தான் கேட்டாள். பாறையில் வெட்டிய படிகள், பாதி உடைந்து உருண்டுபோய், கள்ளியும் உடைமுள்ளும் இரண்டு பக்கமும் நெருக்க, செங்குத்தாக ஏறின. முன்னால் இசக்கிராஜா கிடாவை நடத்திப் போனான். தர்ஷினி பெரியப்பாவின் தோளில் இருந்தாள். பூசாரி மூச்சு வாங்காமல் பேசினார்.

"கிடா மேல ஏறுன நாளு, அது வெட்டுப்படுத வரைக்கும் ஊருல ஒருத்தரும் தலை நனைக்க மாட்டோம். நனைஞ்சா உதறுவோம்லா? உதறுனா மாடன் நம்மளையும் கிடான்னு எடுத்துக்கிடுவான்."

சுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. கிடா துலுக்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். அது உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கித் தண்ணீரை உதறினால் சாமிக்குச் சம்மதம், கிடாவுக்கும் சம்மதம். உடனே வெட்டு விழும். தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் உதறாது?

"மத்த சாமி மாதிரி இல்ல தாயி இவன்," என்றார் பூசாரி, அவள் மனதில் நினைத்ததைக் கேட்டவர் போல. "அந்தக் காலத்துல கும்பினிக்காரன், வெள்ளைக்காரன், பீரங்கியோட கீழ வந்து நிக்கான். நரபலி குடுத்தா கோட்டை வாசல் இடியாம நிக்கும்னு பாளையக்காரருக்கு எவனோ சொல்லிட்டான். வாசல் காவக்காரன் ஒருத்தன இழுத்து நிறுத்தி தலையில தண்ணிய ஊத்துனாங்க. அவன் உதறல. கண்ணச் சிமிட்டாம நின்னான். மூணு தரம் ஊத்தியும் அசையல. கூட்டத்துல ஒருத்தன், துலுக்கிட்டான், நான் கண்டேன்னு பொய் சொன்னான். வெட்டிட்டாங்க. அந்தக் காவக்காரன்தான் இந்த வாசல்மாடன்."

"கோட்டை நின்னுதா?" என்றான் சுடலைராஜ்.

"மூணு நாளு. உள்ள இருந்ததுல ஒருத்தரும் கும்பினிக்காரன் கையால சாகலன்னு சொல்லுவாங்க."

அப்படியென்றால் யார் கையால் என்று யாரும் கேட்கவில்லை. சுந்தரி எட்டி மகளின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பாதம் வெயிலில் காய்ந்த கல் மாதிரி சுட்டது. அவளுக்குக் கதையில் மனசு ஓடவில்லை. எப்போது முடியும், எப்போது இறங்கலாம், சங்கரன்கோவிலில் எந்த டாக்டர் இந்நேரம் இருப்பார் என்பதுதான் ஓடியது.

வாசல் மட்டும்தான் முழுசாக நின்றது. இரண்டு ஆள் உயரக் கல்வளைவு, ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலம். அதைத் தாண்டினால் சுற்றிலும் இடிந்த மதில், உள்ளே வெற்றுப் பாறைத் தளம், ஓர் ஓரத்தில் சுனை. வளைவுக்குள் நுழைந்ததும் வௌவால் புழுக்கையும் பழஞ்சுண்ணாம்பும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொன்று, ஈரத்தோலை வெயிலில் விரித்த மாதிரி, மெல்லிய வாடை. அந்தப் பக்கம் காலை வைத்ததுமே காற்று நின்றுவிட்டது. வெளியே உடைமரங்கள் பேயாட்டம் ஆடுவது தெரிந்தது. உள்ளே மதில் இடுக்கில் முளைத்த அருகம்புல் அசையவில்லை. காதுக்குள் தன் இதயம் அடிப்பதும், பாறையில் கிடாவின் குளம்பு தட்டுவதும், சுனையில் எங்கிருந்தோ ஒரு சொட்டு விழுவதும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன.

மாடன் என்பது வாசலைப் பார்த்தபடி நட்டிருந்த ஒரு கல். முகம் இல்லை, கண் இல்லை. பூசாரி சுனையில் ஒரு செம்பு அள்ளி, மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைப் போட்டார்.

"தண்ணி ஊத்துத நானும் வெட்டுதவனும் நேந்தவனும் சாட்சி சொல்லக் கூடாது. வேற கண்ணு காணணும்," என்று சுந்தரியைப் பார்த்தார். "நீதான் தாயி சாட்சி. நல்லாப் பாத்துக்கோ."

முதல் தண்ணீர் விழுந்தது. கிடாவின் நெற்றியிலிருந்து வழிந்து, கண்ணுக்குள் ஓடி, தாடியில் சொட்டியது. கிடா நின்றது. இமைக்கவில்லை.

சுடலைராஜ் அருவாளைத் தோளில் சாய்த்தபடி, "என்னலே ராசா, மரக்கிடாவ வாங்கிட்டு வந்திருக்க?" என்றான். 

இரண்டாவது தண்ணீர். முதுகெலும்போடு ஓடி வாலில் இறங்கியது. கிடா நின்றது.

இசக்கிராஜா பூசாரியின் பக்கம் திரும்பினான். "மாடன் வேண்டாங்கானோ அண்ணாச்சி?" என்றான்.

"மூணாவதும் துலுக்கலன்னா கிடாவ இங்கனயே விட்டுட்டு எறங்கிருவோம். அடுத்த ஆடிக்கு வேற கிடா கொண்டாங்க."

"அடுத்த ஆடியா? அதுவரைக்கும் பிள்ளை…" அவன் முடிக்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கிறது. வண்டியில் அவனும் ரகசியமாகப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். அந்த நொடியில் சுந்தரிக்கு அவன்மேல் அடக்க முடியாத பாசமும் இரக்கமும் பொங்கின. குளுக்கோஸை நம்புகிறவளுக்குக்கூட, தீராத நேர்ச்சையும் சுடுகிற பிள்ளையுமாக ஒரு வருஷத்தை எப்படி ஓட்டுவது என்று பகீரென்றது.

மூன்றாவது தண்ணீர் விழுகிறபோது, அதுவரை மதிலுக்கு வெளியே நின்ற காற்று ஒரே வீச்சாக உள்ளே வந்தது. செம்புழுதி. எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவள் மூடவில்லை. புழுதிக்கு நடுவே கண் எரிய எரிய அவள் கிடாவைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அது அசையவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, மஞ்சள் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

புழுதி அடங்கியது.

"துலுக்கிட்டு!" என்று கத்தினாள் சுந்தரி. "துலுக்கிட்டு, நான் கண்டேன்!"

பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "கண்டது யாரு?" என்றார், தினசரிப் பேச்சுக்குரிய குரலில் இல்லை.

"நான்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒரு ஆட்டு விஷயம். ஒரு சின்னப் பொய். லேபில் அழுகிற பிள்ளைகளிடம் வலிக்காது என்று தினமும் இருபது தடவை சொல்கிற வாய்தானே. சுடலைராஜ் அருவாளை ஓங்கினான்.

ஒரே வெட்டு. தலை பாறையில் விழுந்து உருண்டது.

உடல் விழவில்லை.

நான்கு காலில் நின்றது. வெட்டிய கழுத்து சிவப்பாக, ஈரமாக, திறந்திருந்தது. ரத்தம் வரவில்லை. ரத்தத்தோடேயே புழங்குகிற சுந்தரிக்குத் தெரியும், வெட்டுப்பட்ட கழுத்து இப்படி இருக்காது, பீறிட வேண்டும். அவள் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஏழு வரைக்கும் எண்ணினாள்.

பிறகு கிடா துலுக்கியது.

தலையில்லாத உடல், கழுத்தில் ஆரம்பித்து வால் வரைக்கும், மழையில் நனைந்த ஆடு உதறுகிற அதே உதறலை, நிதானமாக உதறியது. அதுவரை அடைத்து நின்ற ரத்தம் அத்தனையும் மஞ்சள் தண்ணீரோடு சேர்ந்து விசிறியடித்தது. முகத்தில், தலையில், வாயில். சூடாக, உப்பாக. மதிலில் அடித்தது. மாடன் கல்லில் மட்டும் ஒரு துளி படவில்லை.

"அசையாதீங்க!" பூசாரியின் குரல் கிழிந்தது. "ஒருத்தரும் தலைய ஆட்டாதீங்க! துடைக்கலாம், உதறக் கூடாது! ஏ தாயி, பிள்ளையப் பிடி!"

பெரியப்பா தோளிலிருந்து இறக்கிவிட்டிருந்த தர்ஷினியை அவள் வாரி எடுத்து, முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டாள். பிள்ளையின் தலைத்துணி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. முடியெல்லாம் பிசுபிசுவென்று நனைந்திருந்தது.

சுடலைராஜ் குனிந்த தலை நிமிராமல் நின்றான். அருவாள் நுனியிலிருந்து சொட்டியது. மூச்சு மட்டும் கேட்டது, மிகவும் நீளமாக, உறங்குகிறவனின் மூச்சு மாதிரி. பிறகு நிமிர்ந்தான். மீசை அதுவே, மூக்கு அதுவே. ஆனால் அந்த முகத்தில் சுடலைராஜ் இல்லை. கண்ணை இமைக்கவில்லை.

அவன் பூசாரியின் முன்னால் போய் நின்றான். நின்றான். அவ்வளவுதான். எந்த அவசரமும் இல்லை.

பூசாரி மூச்சைப் பிடித்திருந்தார். ஈக்கள் வந்துவிட்டன. எங்கிருந்து அத்தனை சீக்கிரம் வந்தனவோ, பாறை முழுவதும் அவற்றின் இரைச்சல். ஒன்று பூசாரியின் கன்னத்தில் உட்கார்ந்தது. ரத்தம் குடித்தது. மேலே ஏறியது. கண்ணோரத்துக்கு வந்தது. அவருடைய கை மெல்ல எழுந்தது, துடைக்க. அதற்குள் ஈ கண்ணுக்குள் போனது.

தலை வெடுக்கென்று உதறியது.

"கண்டது யாரு?" என்றது சுடலைராஜின் வாய்.

பூசாரி இல்லை இல்லை என்று கையைக் கூப்பினார். இசக்கிராஜா கல்லாக நின்றான். சுந்தரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்.

தோளிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த தர்ஷினி, தெளிவான சின்னக் குரலில் சொன்னாள். "நான் பாத்தேன். பூசாரித் தாத்தா தலைய ஆட்டுனாங்க."

சுந்தரி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பொத்துகிறபோதே அருவாள் இறங்கிவிட்டது. ஈரமான, கட்டையை வெட்டுகிற சத்தம். இரண்டாவது தரமும் வெட்ட வேண்டியிருந்தது. பூசாரியின் உடல் மண்டியிட்டு, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, குதிகால்கள் பாறையைக் கொஞ்ச நேரம் தேய்த்தன.

அப்போதுதான் அவள் அதை உணர்ந்தாள். உள்ளங்கைக்குக் கீழே பிள்ளையின் கன்னம் குளிர்ந்திருந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. அவளுக்கு நிம்மதி வந்தது. ஒரு மனுஷனின் ரத்தம் காலடியில் ஓடிவரும்போது, தாயான பாவத்துக்கு, அவளுக்கு நிம்மதிதான் வந்தது.

ஓடினாள்.

பத்து எட்டுத் தூரம்தான் வாசல். வளைவுக்குள் இருட்டு. அந்த இருட்டில், குறுக்கே, கிடா நின்றது. எப்போது நடந்து வந்ததோ. தலையில்லாத கழுத்தை அவளுக்கு நேராக நீட்டிக்கொண்டு வாசலைக் காத்து நின்றது. அவள் இடது பக்கம் ஒதுங்கினாள்; கழுத்தும் இடது பக்கம் திரும்பியது. ஒரு அடி எடுத்து வைத்தாள். முட்ட வருகிற கிடாவைப் போல அது கழுத்தைத் தாழ்த்தியது. அதன் உள்ளிருந்து மூச்சு வந்தது. சூடான, ஈரத்தோல் வாடை அடிக்கிற மூச்சு.

பின்னால் புருஷனின் குரல் கேட்டது.

"அண்ணே… நான் ராசாண்ணே. வேண்டாம்ணே." இசக்கிராஜா அண்ணனின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு நின்றான். அழுதான். "வேண்டாம்ணே, வேண்டாம்ணே" என்று சொல்லிச் சொல்லித் தலையை ஆட்டினான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். முடியிலிருந்து ரத்தமும் தண்ணீரும் தெறித்தன. சொல்லுகிறது என்னவென்று அவனுக்குத் தெரியும். செய்கிறது என்னவென்று தெரியவில்லை.

"ஐயோ, தலைய ஆட்டாதீங்க!" என்று அவள் அலறினாள். அவன் நின்றான். நேரம் கடந்துவிட்டிருந்தது.

"கண்டது யாரு?"

 அவள் உள்ளங்கை பிள்ளையின் வாயை இறுக்கியது. சாட்சி இல்லாமல் வெட்ட மாட்டான். பொய்ச்சாட்சியால் வெட்டுப்பட்டவன், சாட்சி இல்லாமல் வெட்டவே மாட்டான். இப்படியே நிற்போம். இருட்டட்டும், விடியட்டும், ஊர்க்காரர்கள் வரட்டும். அவர்கள் வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. கவிழ்த்து வைத்த குடங்களுக்குப் பக்கத்தில் முக்காட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அவன் காத்திருந்தான். பிறகு சுனைக்கு நடந்தான். பூசாரியின் செம்பை எடுத்தான். அள்ளினான். நேராக அவளிடம் வந்தான்.

பிள்ளையின் உச்சியில் ஊற்றினான்.

பனிக்கட்டி மாதிரி தண்ணீர். சுந்தரி இரண்டு கையாலும் மகளின் தலையைத் தன் நெஞ்சோடு நெரித்தாள். தண்ணீர் காதுக்குள் ஓடியது. பிள்ளை நெளிந்தாள். "அம்மா, காது…" என்று உள்ளங்கைக்குள் முனகினாள். தலை அசையவில்லை. அசைய விடவில்லை.

"பெரியத்தான், உங்க தோளுல வந்த பிள்ளை… பாருங்க… நம்ம தர்ஷினி…"

அந்தக் கண்ணில் எதுவும் வரவில்லை. திரும்பவும் சுனை. திரும்பவும் செம்பு.

இரண்டாவது தண்ணீர். பிள்ளையின் தோள் சிலிர்த்தது. கழுத்துக்குள் ஒரு துடிப்பு ஏறுவதை அவள் விரல்கள் உணர்ந்தன. கூசுகிறது. காதுக்குள் குறுகுறுக்கிறது. ஆறு வயசு. எத்தனை நேரம். அவளுடைய கைகள் வழுக்கின. எல்லாம் ரத்தம். பிடிக்க முடியவில்லை. சின்னத் தலை கைக்குள் புரளப் பார்த்தது.

மூன்றாவது செம்பு மேலே எழுந்தது.

"கண்டேன்," என்றாள் சுந்தரி.

செம்பு நின்றது.

"அவரு துலுக்குனத நான் கண்டேன். சத்தியமா கண்டேன்."

இந்தத் தடவை பொய் இல்லை.

இசக்கிராஜா அவளைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தான் என்பது இனி அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. தம்பியின் முடியை அண்ணனின் கை பற்றியது. அருவாள் வெயிலில் மின்னியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளையின் கண்ணைப் பொத்தவேண்டும் என்று மறந்துவிட்டாள்.

சத்தம். இன்னொரு சத்தம். ஏதோ உருண்டு வந்து அவள் காலில் முட்டி நின்றது.

வாசலில் தொப்பென்று கேட்டது. கிடா விழுந்துவிட்டது. செத்த ஆடு எப்படி விழுமோ அப்படி, கால்களை விறைத்துக்கொண்டு, ஓரமாக. வழி திறந்துவிட்டது. வளைவுக்கு அப்பால் படிகள், காற்று, உடைமரங்கள், கீழே சின்னதாக சுடலைராஜின் வண்டி. போய்விடலாம். பிள்ளை இருக்கிறாள். காய்ச்சல் இல்லை. போய்விடலாம். அழுவதெல்லாம் கீழே போய் அழுதுகொள்ளலாம்.

  பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒரு அடி. இன்னொரு அடி. அப்போது அது உள்ளங்காலிலிருந்து ஆரம்பித்தது. முழங்காலுக்கு ஏறியது. தொடை, வயிறு, தோள். பல் கிட்டித்தது. அடக்கினாள். அடங்கவில்லை. உச்சந்தலை வரை ஏறி, உடம்பு மொத்தத்தையும் ஒரு உலுக்கு உலுக்கியது. நனைந்த கூந்தலிலிருந்து துளிகள் பாறையில் பொட்டுப்பொட்டாகத் தெறித்தன.

தர்ஷினி கையை உருவிக்கொண்டாள். இரண்டடி தள்ளி நின்று அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் நல்ல நிறம் வந்திருந்தது. கண்கள், நோய்க்கு முன்னால் இருந்ததுபோலத் தெளிவாக இருந்தன. அழுத தடம் இல்லை. இமைக்கவும் இல்லை.

"அம்மா, நீ நடுங்குத."

"இல்ல மக்கா… இல்லட்டி…"

பின்னால் பாறையில் காலடி. அவசரமில்லாத காலடி. முதுகுக்கு நேராக வந்து நின்றது.

"கண்டது யாரு?"

சுந்தரி மகளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் தெரிந்த பிள்ளைகள் தூக்குவார்களே, அப்படி, குதிகாலை எக்கிக்கொண்டு, தர்ஷினி வலது கையை உயரத் தூக்கினாள்.